இடப்பக்கம், பின்னால், ஏழடி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் இரண்டு காதும் இன்றைக்கே செவிடாகப் போகட்டும். அத்தனையும் நடந்தது.

கணினியில் புதிய சவுண்டு கார்டைப் பொருத்திவிட்டுக் கடைக்காரர் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தம்பிக்காரன் விளையாட்டு எதையும் இன்னும் திறக்கவில்லை. அதற்குள் அவனுடைய ஹெட்போனில் யாரோ நடந்தார்கள். ஈரக்கால் சிமென்டுத் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். இடப்பக்கம், பின்னால், ஏழடி தூரம். கழற்றினான், மின்விசிறி மட்டும் சுற்றியது. மாட்டினான், நடை இருந்தது.

"நல்லாத்தான் வேலை செய்யுது" என்று சொல்லிக்கொண்டான்.

அவனுக்கு அந்தக் கார்டு தேவையே இல்லை. அதுதான் விஷயம்.

இருபது நாளுக்கு முன்பு, அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், தண்ணீர்த் தொட்டியைக் கழுவ அத்தான் மொட்டைமாடிக்கு ஏறினார். ஏணி சரிந்தது. மாடிச் சுவரின் விளிம்பைப் பத்து விரலாலும் பற்றித் தொங்கிக்கொண்டு மூன்று முறை கூப்பிட்டார்: "மாப்ள. மாப்ள. கையக் குடு மாப்ள." மூன்றாம் வீட்டுக்காரிக்கே அது கேட்டது. நேர் கீழே, ஜன்னலுக்கு உள்பக்கம், போட்டியின் கடைசிச் சுற்றில் உட்கார்ந்திருந்த தம்பிக்காரனுக்குக் கேட்காமல் இருக்குமா? கேட்டது. எதிரி ஒருத்தன்தான் பாக்கி, ஒரு நிமிஷம் பொறுத்து எழுந்திருக்கலாம் என்று நினைத்தான். அந்த ஒரு நிமிஷத்தில் அத்தானும் போனார், போட்டியும் போனது.

அக்காவிடம் சொன்னது வேறு. "போர்டுல இருக்குற சவுண்டு ஒரே இரைச்சல்க்கா. அதுக்கு மேல கேக்கணும்னு ஃபுல்லா வச்சிருந்தேன். வெளியில எதுவும் காதுல விழல."

அக்கா அழுது முடித்தாள். முடித்தபின் ஒரு நாள், கணினி பழுது பார்க்கும் கடைக்காரரைக் கையோடு கூட்டி வந்தாள்.

அவர் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தார். "இரைச்சல் எங்க சார் இருக்கு? தண்ணி மாதிரி சுத்தமா இருக்கு. இப்ப வர்ற போர்டுல இருக்குறதே கேமுக்குத் தாராளம். பாட்டு ரெக்கார்டு பண்றீங்களா? இல்லல்ல? அப்ப தனிக் கார்டு தண்டம்."

"எனக்கு இரையுதுங்க."

"அப்ப நீங்க காது டாக்டரத்தான் பாக்கணும்."

அக்கா சிரிக்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்து தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டு வேண்டாமென்று ஒப்புக்கொண்டால் சாயம் வெளுத்துவிடும்.

"இல்ல, கண்டிப்பா வேணும்" என்றான். "அது இல்லாம ஒண்ணுமே கேக்கல."

"போட்டு விடுங்க" என்றாள் அக்கா நிதானமாக. "நல்லதாவே போடுங்க. இவனுக்கு எல்லாம் கேக்கட்டும்."

கேட்டது. மறுநாள் மதியம் நடை ஐந்தடியில் இருந்தது. அதோடு சுண்ணாம்புப் பூச்சு பொடிந்து உதிரும் சத்தமும், நகங்கள் எதையோ பற்றி வழுக்கிப் பற்றும் சத்தமும், நல்ல வெயிலில் சாத்தியிருந்த அறைக்குள் பாசி பிடித்த தொட்டியின் வாடையும் சேர்ந்துகொண்டன. அதற்கடுத்த நாள் மூன்றடி. ஒயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. கடைக்காரரை அழைத்துக் கார்டையே கழற்றச் சொல்லலாம். ஏனென்று அக்கா கேட்பாள். என்னடா கேக்குது என்பாள்.

நான்காம் நாள், மதியம் மூன்று மணி. ஹெட்போன் ஆணியில் தொங்கியது. அவன் அதைத் தொடவே இல்லை.

"மாப்ள."

பக்கத்தில். காதுமடலில் ஈரம்.

"மாப்ள."

எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. கத்தினான். "அக்கா... எனக்குக் கேட்டுச்சுக்கா. அன்னிக்கு. மூணு தடவையும் கேட்டுச்சு."

கதவு திறந்தது. அக்கா ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி நின்றாள். ஓடி வந்தவள் மாதிரித் தெரியவில்லை. வெகு நேரமாக அங்கேயே நிற்பவள் மாதிரித் தெரிந்தாள்.

"தெரியும்டா" என்றாள். "உங்க அத்தான் கூப்புடுறாரு பாரு. எந்திரிச்சுப் போ."

கதவைச் சாத்தினாள். வெளியே தாழ்ப்பாள்.

கீழே பார்க்காதே என்று நினைத்தான். பார்த்தான்.

மேசை விளிம்பில் பத்து விரல்கள். நகம் பெயர்ந்தவை. மேசைக்கு அடியில் தரை இல்லை. இரண்டு மாடி ஆழத்தில், வெயிலில் வெளுத்துக் கிடந்தது சிமென்டு முற்றம்.

ஒரு கை விளிம்பை விட்டது. விரிந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

ஒரு முழு ஆளின் கனம்.

நாற்காலி நகர்ந்தது. ஒரு விரற்கடை. இன்னொன்று.

இதையெல்லாம் ஒன்று விடாமல் எனக்கு நேரில் சொன்னவர் அத்தான்.