முகமறியும் கேமராவும் ஆட்டுத் தலையும்

உலக மக்கள் அனைவரும் கைவேலையைக் கீழே வைத்துவிட்டு இதைக் கவனிக்க வேண்டும். பல்கேரிய நாட்டின் கோர்னி ட்ருவென் கிராமத்தில், மனித குலத்தின் இருளை அகற்றும் பொருட்டு, முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் கேமரா ஒன்று மார்ச் மாதத்துச் சனிக்கிழமை காலை நிறுவப்பட்டது. அன்று மதியமே அது திருட்டுப் போனது.

ட்ருவென் சின்ன ஊர். இருட்டில் இருமினால்கூட இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே எதற்கு இந்தக் கேமரா என்று கேட்ட ஒரே ஆள் சாராயக்கடை கின்கா. ஊர்த் தலைவர் எவ்லோகி பட்டாரொவ் அவளுக்கு “முன்னேற்றம்” என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு, மறுநாள் வரப்போகும் அமைச்சருக்குக் காட்டவென்று திறப்பு விழாப் படத்துக்கு நின்றார். இடது தோள் முன்னால், மோவாய் மேலே, வலது கை தொப்பையின் மீது. தேர்தல் சுவரொட்டியிலும் அப்படித்தான் நிற்கிறார். கல்யாணப் படத்திலும் அப்படித்தான். அந்தத் தோளுக்குப் பின்னால் மணப்பெண் பாதிதான் தெரிவாள்.

அன்று குக்கேரி ஆட்டம் வேறு. குளிர்காலப் பேய்களை விரட்ட ஆண்கள் மிருகத் தலைகளை மாட்டி, இடுப்பில் கனத்த மணிகளைக் கட்டி, விடிந்ததிலிருந்து குதிப்பார்கள். முகமறியும் கேமராவின் முதல் நாளில் ஊரில் ஆடுகிற ஒருவனுக்கும் முகமில்லை. இதைத் தலைவர் யோசிக்கவில்லை. நாள் குறித்தவர் அவர்தான்.

மதியம் இரண்டு மணிக்கு மாவட்ட நகரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் நெவெனா கரஜோவா வந்து சேர்ந்தாள். தலைவரின் அறையில், கேமரா ஒரு மணிக்குக் கடைசியாக அனுப்பிய படம் திரையில் ஓடியது. கோணல் கொம்பு, சிவப்புக் குஞ்சம், முழங்கால் வரை ரோமம். ஆட்டுத் தலை கம்பத்தடிக்கு வந்து ஒரு கணம் நின்றது. ஒரு தோள் முன்னே வந்தது, கொம்பு உயர்ந்தது, ஒரு கை ரோமத்துக்குள் வயிற்றருகே போனது. பிறகு ஏணி கிறீச்சிட்டது. வேறு சத்தமில்லை. திரை இருண்டது.

“யாவோர்” என்றது கூட்டம் ஒரே குரலில்.

இந்த ஊரில் முகமூடிதான் ஆள். சிவப்புக் குஞ்சம் வைத்த ஆடு என்றால் தச்சன் யாவோர். உள்ளே இருந்தது அவன்தானா என்று யாரும் கேட்பதில்லை. திருட்டுச் செய்த முகமூடி சாயங்காலத் தீயில் போகும், அதன் சொந்தக்காரன் இனி ஆடக்கூடாது; இது ஊர் வழக்கம். யாவோர் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து செதுக்கிய தலை அது. அவன் ஆட்டை விட வெளுத்துப்போயிருந்தான்.

“ஒரு மணிக்கு எங்கே இருந்தே?” என்று கேட்டாள் நெவெனா.

“வைக்கோல் போர்ல தூங்கிட்டிருந்தேன்.”

“யார் பார்த்தா?”

“எங்க குதிரை.”

“முகமூடி?”

“கின்கா அக்கா கடை வேலியில தொங்குச்சு. ரோமப் போர்வையும் மணியும் அங்கதான். பேய் ஒட்டுன தலையோட யாரும் சாப்பிட உட்கார மாட்டோம்.”

“மறுபடி நீயே மாட்டிக்குவியா?”

“தலையை மாட்டிக்கலாம். மணிக்கு ரெண்டாள் வேணும். முதுகுல முட்டி வச்சு இழுத்துக் கட்டணும். ஏன் கேக்கறீங்க?”



“நேரத்தை வீணாக்காதீங்க இன்ஸ்பெக்டரம்மா” என்றார் தலைவர். “கேமரா பொய் சொல்லாது.”

“அது ‘வெள்ளாடு’ன்னுல்ல சொல்லுது” என்றாள் நெவெனா.

திரையின் கீழே உண்மையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அப்போது பன்றி மேய்க்கும் ட்ரிஃபோன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“என் புகாரையும் எழுதிக்குங்க. காலையில தலைவர் என் கொட்டிலுக்கு வந்து என் மூஞ்சியையே உத்து உத்துப் பாத்தாரு. ‘நாம ரெண்டு பேரும் ஒரே சாயலா ட்ரிஃபோன்?’னு கேட்டாரு. எனக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?”

“மக்களை நேரில் சந்திப்பது எனது கடமை” என்றார் தலைவர். அவருக்கு வியர்க்கும்போது மேடைத் தமிழ் மாதிரி ஒரு பல்கேரியம் வரும்.

நெவெனா படத்தை மறுபடி ஓடவிட்டாள். பிறகு சுவரிலிருந்த சட்டங்களை வரிசையாகப் பார்த்தாள்: பாதிரியாருடன் தலைவர், கால்பந்து அணியுடன் தலைவர், பரிசு பெற்ற பூசணியுடன் தலைவர்.

பொழுது சாயும் நேரம் சதுக்கத்தில் விறகு அடுக்கியாயிற்று. யாவோர் முகமூடியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றான்.

“தலைவரே” என்றாள் நெவெனா, “எரிக்கறதுக்கு முன்னாடி மாவட்டப் பத்திரிகைக்கு ஒரு படம். குற்றத்தை ஜெயிச்ச தலைவர்னு போடலாம். அந்தத் தலையை மாட்டிக்கிட்டு நின்னா எடுப்பா இருக்கும்.”

பத்திரிகை என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தலையை வாங்கி மாட்டிக்கொண்டார். நெவெனா செல்போனை உயர்த்தினாள்.

இடது தோள் முன்னே வந்தது. கொம்பு உயர்ந்தது. வலது கை வயிற்றுக்குப் போனது.

கின்காதான் முதலில் பேசினாள். “அட, நம்ம திருட்டு ஆடு.”

“இது சும்மா ஒரு நிலைப்பாடு!” என்றது ஆடு.

“முதல்ல மணியைக் கவனிங்க” என்றாள் நெவெனா. “படத்துல ஏணிச் சத்தம் மட்டும்தான் கேக்குது. ஆடறவன் மணி கட்டாம முகமூடி போடுவானா?”

“கால்சட்டை போடாம தெருவுக்கு வர்ற மாதிரி இல்ல?” என்றான் யாவோர்.

“ஆனா மணி கட்ட ரெண்டாள் வேணும். ஆக வந்தவன் தனியாள், ஆடத் தெரியாதவன். ரெண்டாவது, திருட வர்றவன் கேமராவைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்புவான். இந்த ஆடு படத்துக்கு நின்னு காட்டிட்டுத்தான் ஏணியில ஏறிச்சு. நீங்க எல்லாரும் தலையைப் பார்த்தீங்க. நான் தோளைப் பார்த்தேன்.”

“எதுக்குத் திருடணும்? அவரே வாங்கி வச்சதை?” என்றாள் கின்கா.

கேமரா தலைவர் வீட்டு நிலவறையில், புளித்த முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பின்னால் கிடைத்தது. நெவெனா அதைக் கம்பத்தில் மாட்டி, திரையைச் சதுக்கத்துக்குக் கொண்டுவரச் செய்து, தலைவரை முகமூடியைக் கழற்றச் சொன்னாள். ஊரார் படங்களையெல்லாம் ஏற்கெனவே கேமராவுக்குக் கொடுத்திருந்தார்கள். அது தலைவரை நிதானமாகப் பார்த்து எழுதியது: ட்ரிஃபோன், பன்றி மேய்ப்பவர்.

“காலையில தனியா சோதிச்சுப் பாத்திருக்கீங்க” என்றாள் நெவெனா. “நாளைக்கு அமைச்சர் வர்றாரு. அவர் முன்னாடி இது இப்படிச் சொன்னா?”

“ஒரு தலைவனின் முகம்...” என்று ஆரம்பித்தார் பட்டாரொவ்.

“என் மூஞ்சிக்கு என்ன கேடு?” என்றான் ட்ரிஃபோன். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

தலையை எரிக்கவில்லை. அன்றிரவு யாவோர் ஆடினான். அவன் முதுகில் முட்டி வைத்து மணியை இழுத்துக் கட்டும் தண்டனை தலைவருக்குக் கிடைத்தது.

கேமரா இப்போது ட்ரிஃபோனின் கொட்டிலில் இருக்கிறது. அங்குள்ள பெரிய பன்றியை அது தலைவர் என்கிறது.