ஆறு மணி இலைகள்

“யாரக் கேட்டு இலை கிள்றீங்க?”

ஜெனிஷா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வரப்பில் மண்வெட்டியோடு ஒருவன்... குரலில்தான் கோபம். கண்கள் என்னவோ மழைக்கு முந்தின வானம்போல் கறுத்துக் குளிர்ந்திருந்தன.

அவன் ராஜவேல். அனுமந்தையில் அந்த வேர்க்கடலை நிலம், ஊர்ப் பேச்சில் மல்லாட்டை நிலம், அவனுடையது. போன டிசம்பர் புயலில் கடல்தண்ணீர் ஏறி உப்பாகிப்போன நிலம்.

புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவி என்று தடுமாறிச் சொன்னாள். பகல் முழுக்க இலை வெயிலில் சர்க்கரை செய்யும், மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாத மாவுமணிகளாய் உள்ளே சேர்த்துக்கொள்ளும், இருட்டில் அதையே கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைத்துப் பசியாறும், விடியும்போது சரியாய்த் தீர்ந்திருக்கும்; உப்பு மண்ணிலும் அப்படித்தானா என்று பார்க்க வந்ததாக விளக்கினாள்.

“எப்ப விடியும்னு மல்லாட்டைச் செடிக்கு எப்பிடிங்க தெரியும்?”

“அதத்தாங்க நானும் தேடுறேன்...”

அவன் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து மாலை ஆறுக்கும் காலை ஆறுக்கும், அவளுடைய சின்ன அடுப்பில் காற்றுப் படாமல் அவனே குடை பிடித்தான். கிள்ளிய இலையை அவள் உடனே கொதிக்கும் ஸ்பிரிட்டில் போட்டு, பச்சை போனதும் அயோடின் விடுவாள். மாவு நிறைந்த சாயங்கால இலை கருநீலமாகும். மாவு தீர்ந்த காலை இலை வெளுத்தே கிடக்கும். அவன் இலையைப் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்...

ஒருநாள் அவள் நோட்டில் ‘கெட்டுப்போன நிலம்’ என்று எழுதியிருந்ததை அவன் படித்துவிட்டான். எட்டு மாதமாய் அவன் மழைத்தண்ணீரைத் தேக்கித் தேக்கி உப்பை வடித்த நிலம் அது.

“கெட்டுப்போன நிலத்துல உங்களுக்கு என்ன வேலை?” என்று முகம் திருப்பிக்கொண்டான். அது பேராசிரியர் எழுதச் சொன்ன வார்த்தை என்று சொல்ல அவளுக்கும் ரோஷம் விடவில்லை. போய்விட்டாள்.

பன்னிரண்டு நாள். ஆறு மணி ஆனாலே அவளுக்கு நெஞ்சு வலித்தது...

பதின்மூன்றாம் நாள் கல்லூரி வாசலில், கொட்டும் மழையில், அவன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே தேதி போட்ட காகிதப் பொட்டலங்கள்.

“காலைல ஆறு, சாயங்காலம் ஆறு... ஒரு நாளும் விடலீங்க.”

அவள் ஒன்றைப் பிரித்தாள். இலை சுருண்டிருந்தது. கிள்ளின பிறகும் இலை உள்ளிருக்கும் மாவைத் தின்றுகொண்டேயிருக்கும், உடனே கொதிக்கவிடாததால் இவை ஆராய்ச்சிக்கு உதவாது என்று மெல்லச் சொன்னாள்.

“தெரியும். நீங்க செய்றத பாத்திருக்கேனே. உங்கள பாக்க எனக்கு வேற சாக்கு கெடைக்கல...”

அவள் கண் நிறைந்தது. அந்த வார்த்தையை எழுதியது தப்பு என்றாள். பிறகு, மழைச் சத்தத்தில் பாதி கரைந்த குரலில்:

“எனக்கு வேண்டிய இலையெல்லாம் மொத வாரத்துலயே கெடச்சிடுச்சு, ராஜவேல். அதுக்கப்புறம் நான் வந்ததெல்லாம்... உங்களுக்காகத்தான்.”