எப்போதாவது

"சாயங்காலம் நாலு மணிக்கு என்னை மோசடிக்காரின்னு எழுதி வெளியே அனுப்பப் போறாங்க சார்" என்றாள் மரபணு ஆய்வாளர். துப்பறிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். காலை ஒன்பது. அவருடைய மச்சினன் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான்.

விஷயம் இதுதான். ஒரு மரபணு இருப்பவர்கள் சிகரெட்டுக்கு எளிதில் அடிமையாவார்கள் என்று முதல் மையத்தில் தெரிந்தது. அவள் நடத்திய இரண்டாம் மையத்திலோ எல்லாம் தலைகீழ். மரபணு உள்ளவர்களே புகை பற்றிய கேள்விக்குப் பெரும்பாலும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். ரத்த மாதிரி எடுத்த கண்ணாடிக் குழாய்களை மாற்றிவிட்டாள் என்று இயக்குநர் அடித்துச் சொன்னார். கைக்குழந்தையோடு தனியாக இருப்பவள். இந்தப் பழியோடு போனால் எந்த ஆய்வகமும் வாசலில்கூட சேர்க்காது.

மச்சினன் குளிர்பெட்டிப் பூட்டுகளை நோண்டிவிட்டு, யாரும் தொடவில்லை என்று உதட்டைப் பிதுக்கினான். துப்பறிவாளர் படிவங்களையே புரட்டினார். முதல் மையத்தில் செவிலியர் வாயால் கேட்டு எழுதியிருந்தார். இங்கே அச்சடித்த தாளை அவரவரே நிரப்பியிருந்தார்கள். வாசல் காவலரும் அவர்களில் ஒருவர். எழுதியிருந்தது 'இல்லை'. அவருடைய விரல் நுனிகளோ மஞ்சளாகக் கறை பிடித்திருந்தன.

"வாய் கூசாம பொய் சொல்லியிருக்காரு மச்சான்" என்றான் மச்சினன்.

காவலருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எப்போதாவது புகை பிடிப்பீங்களான்னுதானே கேட்டிருந்துச்சு? நான் எப்போதாவது பிடிக்கிற ஆளா? தினம் ரெண்டு பாக்கெட்!"

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. 'இல்லை' என்றவர்களில் நாற்பது பேரைத் தொலைபேசியில் பிடித்து, தினமும் உண்டா என்று கேட்கச் சொன்னார். குளிர்பெட்டியில் அவர்கள் பேரில் இருந்த குழாய்களின் ரத்தத்தில் நிகோடின் தடயம் பார்க்கும் வேலையை முதல் மையத்து ஆட்களிடம் கொடுத்தார். மூன்றே முக்காலுக்குத்தான் முடிவு வந்தது. அதுவரை அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நாலு மணிக்கு இயக்குநர் அறையில் எல்லோரும் கூடினார்கள்.

"குழாய் மாறியிருந்தா போன்ல சொன்னதும் ரத்தமும் ஒத்துப்போகாது. நாற்பதும் ஒத்துப்போகுது" என்றார் துப்பறிவாளர். "அங்கங்கே நாலு பேர் தப்பா எழுதினா மரபணுவுக்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பு மங்கும், அவ்வளவுதான். இங்க தப்பா எழுதினது தினமும் பிடிக்கிறவங்க. அந்த மரபணு அவங்ககிட்டதான் அதிகம். அதான் கணக்கே கவிழ்ந்துடுச்சு. 'ஒரு தடவையாவது'ன்னு கேட்க நினைச்சவர் 'எப்போதாவது'ன்னு எழுதிட்டார். கேள்வியை எழுதினது யாரு?"

"நான்தான்" என்றார் இயக்குநர்.

அவருக்கு முன்னால் கையெழுத்திட்ட நீக்க உத்தரவு கிடந்தது. மச்சினன் அதைக் கிழிக்கக் கை நீட்டினான். அவள் தடுத்தாள்.

"வேண்டாம். எல்லாரும் பார்க்க, அவரே கிழிக்கட்டும்."