எட்டு பட்டன் எங்கே போச்சு?

அந்த வீட்டில் யார் எதை எண்ணினாலும் கடைசியில் ஒருத்தியிடம் கொண்டுவந்துதான் சரிபார்ப்பார்கள். அவளுக்கு வயது பத்து. மாடி ஏறினால் படிகளை எண்ணுவாள். துணி காயப் போட்டால் கிளிப்புகளை எண்ணுவாள். அதனால் அப்பா அவளுக்குக் 'கணக்குப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு ஒரு தம்பி, ஐந்து வயது. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தானாம். அதனால் அவன் சுண்டு. எதைக் காட்டி எத்தனை என்று கேட்டாலும் "பத்து!" என்பான். அவனுக்குத் தெரிந்ததிலேயே பெரிய எண் அதுதான், பாவம்.

அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைப்பவர். அந்த வாரம் பெரிய வேலை வந்திருந்தது. பள்ளிப் பாட்டுக் குழுவுக்குப் பத்து நீல அங்கிகள். சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி. நாலு மணிக்குப் பாட்டு டீச்சர் வந்து அங்கிகளை வாங்கிக்கொண்டு போவார்.

வெள்ளிக்கிழமையே அம்மா மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். "முன்பக்கம் கழுத்துலேர்ந்து கீழ வரைக்கும் அறுபது சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பட்டன் வரணும். மொத்தம் பத்து அங்கி. எத்தனை பட்டன் வாங்கணும், சொல்லு."

கணக்குப்பிள்ளை கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள். "அறுபதைப் பத்தால வகுத்தா ஆறு. பத்து அங்கிக்கு அறுபது!"

"மிஷின்கூட இவ்வளவு வேகமா ஓடாது!" என்றார் அம்மா. அப்பாவும் மகளும் கடைக்குப் போய், கடைசியாக மிச்சமிருந்த அறுபது நீலப் பட்டன்களையும் வாங்கி வந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் அம்மாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. "அக்கா, விளையாட வா" என்று சுண்டு வேறு காலைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இவனைக் கொஞ்ச நேரம் பாத்துக்கோடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார் அம்மா.

கணக்குப்பிள்ளைக்கு அது பிடித்த வேலை. முப்பது குழி உள்ள முட்டை அட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். பட்டன் டப்பாவையும் திறந்து கொடுத்தாள். "ஒவ்வொரு குழியிலயும் ரெண்டு ரெண்டு போடு, பாக்கலாம்."

சுண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டான். எல்லாக் குழியும் நிறைந்ததும் கைதட்டினான். பிறகு அவனே பட்டன்களை டப்பாவில் கொட்டி அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். யாரும் திரும்ப எண்ணவில்லை.

அம்மா தைக்கும் முறை இதுதான்: முதலில் சாக்பீஸால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி. பிறகு எல்லா அங்கிக்கும் பட்டன். பட்டன் நுழைகிற ஓட்டை, அதாவது காஜா, எல்லாம் முடிந்த பிறகுதான். பேசிக்கொண்டே தைத்தாலும் கை தானாக ஓடும்.

எட்டு அங்கி முடிந்தது. ஒன்பதாவதை எடுத்து மடியில் போட்ட அம்மா, டப்பாவைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"கணக்குப்பிள்ளை! இங்க வா. நாலே நாலுதான் இருக்கு!"

அவள் ஓடிவந்து பார்த்தாள். "எட்டு அங்கிக்கு எட்டாறு நாப்பத்தெட்டு. மிச்சம் பன்னெண்டு இருக்கணுமே! எட்டைக் காணோம்!"

சத்தம் கேட்டு அப்பாவும் வந்துவிட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுண்டுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

காரணம் இருந்தது. போன மாதம் அவன் மூக்குக்குள் ஒரு பட்டாணியைப் போட்டுக்கொண்டு வீட்டையே ரெண்டாக்கியவன்.

"சுண்டு கண்ணா, பட்டனை எங்கயாச்சும் போட்டியா?" அம்மா மெதுவாகத்தான் கேட்டார்.

"டப்பால போட்டேன்."

"வாயில?"

"போடலை!"

"பொய் சொல்லாம சொல்லுடா. எத்தனை எடுத்தே?" என்றாள் அக்கா.

எத்தனை என்று கேட்டால் சுண்டு வேறு என்ன சொல்வான்? "பத்து!"

"போச்சுடா!" என்று அப்பா தலையில் கை வைத்தார். மெஷினுக்கு அடியில் டார்ச்சோடு தவழ்ந்தார். ஒரு செருப்பு, இரண்டு பென்சில், போன வருடம் தொலைந்த சாவி எல்லாம் கிடைத்தன. பட்டன் மட்டும் கிடைக்கவில்லை. "சந்தேகத்தோட இருக்க வேணாம். டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்" என்று ஸ்கூட்டர் சாவியைத் தேடப் போனார்.

"இனிமே பட்டன் டப்பா பக்கமே வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார் அம்மா. நாலு மணிக் கவலையும் பிள்ளைக் கவலையும் சேர்ந்து அவர் குரல் உயர்ந்துவிட்டது.

சுண்டு சத்தம் போட்டு அழவில்லை. மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அதைப் பார்க்கத்தான் கணக்குப்பிள்ளைக்குத் தாங்கவில்லை. டப்பாவை அவனிடம் கொடுத்ததே அவள்தானே!

மெல்ல அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மாவின் டேப்பைத் தரையில் அறுபதுவரை விரித்தாள். ஒரு கை நிறைய பாட்டில் மூடிகளை அள்ளி வைத்தாள். "சுண்டு, இது அங்கி. மூடிதான் பட்டன். நீதான் இப்போ டெய்லர். தைக்கிறியா?"

சுண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினான். முதல் மூடியை எடுத்து டேப் தொடங்கும் இடத்திலேயே வைத்தான்.

"அங்க இல்லடா. அங்க ஒண்ணுமே இல்ல, பூஜ்யம். பத்துலேர்ந்து ஆரம்பி."

"மக்கு அக்கா!" என்றான் சுண்டு. "அதுதான் கழுத்து. கழுத்துல பட்டன் இல்லன்னா அங்கி கழண்டு விழுந்துடும்!"

அவள் சிரிக்க வாய் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. சுண்டு பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்று அறுபதுவரை வைத்துக்கொண்டே போனான். அவள் விரல் வைத்து எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். ஏழு.

எழுந்து போய் அம்மா தைத்து வைத்திருந்த அங்கியை எடுத்துப் பார்த்தாள். அதிலும் ஏழு. எட்டு அங்கிக்கு ஐம்பத்தாறு. மிச்சம் நாலு.

ஒரு பட்டன்கூடத் தொலையவில்லை. அவள் எண்ணியது பட்டன்களை இல்லை, பட்டன்களுக்கு நடுவில் இருந்த இடைவெளிகளை!

அவள் அங்கியை மடித்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். இது வேறு யாருக்கும் தெரியாது. சொன்னால், கணக்குப்பிள்ளை என்கிற பேர் கப்பலேறிவிடும். வாசலில் அப்பா ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது. அப்பா உள்ளே வந்து சுண்டுவைத் தூக்கினார். அவன் அப்பா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"அப்பா, நில்லுங்க! அவன் முழுங்கலை. அவன்மேல தப்பே இல்லை. என் கணக்குதான் தப்பு!"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தரையில் இருந்த மூடிகளைக் காட்டி விளக்கினாள். அம்மா அங்கியைக் கையில் எடுத்து ஒவ்வொரு பட்டனாகத் தொட்டு எண்ணினார். பிறகு ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, சுண்டுவை அப்பா தோளிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா தைக்கிறேன். எனக்கும் எண்ணிப் பாக்கத் தோணலையே! உன்னைப் போய்த் திட்டிட்டேனேடா, ராஜா."

"அக்காவும் திட்டினா" என்று சுண்டு ஞாபகப்படுத்தினான்.

"தெரியாமத் திட்டிட்டேன்டா" என்று அவள் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

அப்பாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "சரி, இன்னும் பத்து பட்டனுக்கு எங்க போறது? கடையில மிச்சமே இல்லையே."

மணி இரண்டேகால். கணக்குப்பிள்ளை மனதுக்குள் கணக்குப் போடவில்லை. தரையில் உட்கார்ந்து, சுண்டுவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மூடிகளையே பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்தும் வைத்தும் பார்த்தாள். கழுத்து மூடியை எடுக்கக் கூடாது. நடுவில் எடுத்தால் வயிறு தெரியும். கடைசி மூடியை எடுத்தால்?

"அம்மா! ஒவ்வொரு அங்கியிலயும் கீழ் பட்டனை மட்டும் எடுத்துட்டா? எட்டு கிடைக்கும். கையில நாலு இருக்கு. மொத்தம் பன்னெண்டு. ரெண்டு அங்கிக்கும் ஆறு ஆறு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்!"

அம்மா அங்கியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அட! நல்லவேளை, இன்னும் காஜா எடுக்கலை. எடுத்த இடமே தெரியாது."

பிறகு வீடு பறந்தது. அம்மா நூலை வெட்ட வெட்ட, அப்பா பட்டனை வாங்கிக் கொடுக்க, சுண்டு அவற்றை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டான். எட்டுக் குழி நிறைந்ததும் அக்கா இரண்டு முறை எண்ணினாள். கையில் இருந்த நாலையும் போட்டாள். மறுபடி எண்ணினாள். அம்மா பட்டன்களை வைத்துத் தைத்தார். காஜாவும் எடுத்து முடித்தார். அப்பா கடைசி அங்கிக்கு இஸ்திரி போடும்போது வாசலில் மணி அடித்தது.

பாட்டு டீச்சர் ஓர் அங்கியை விரித்துப் பார்த்தார். "கீழ கொஞ்சம் திறந்து விட்டிருக்கீங்களே! நல்ல யோசனை. போன தடவை கீழ வரைக்கும் பட்டன் வச்ச அங்கியில காலைத் தூக்க முடியாம, மேடைப் படியில ரெண்டு பேர் தடுக்கி விழுந்தாங்க. யார் யோசனை இது?"

அம்மா மகளைப் பெருமையாகக் காட்டினார். டீச்சர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். கணக்குப்பிள்ளைக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அப்படியே நின்றிருக்கலாம். ஆனால் அவள் தம்பியை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"தப்பாக் கணக்குப் போட்டது நான், டீச்சர். கண்டுபிடிச்சது இவன்தான்."

டீச்சர் குனிந்து அவன் கையைக் குலுக்கினார். "அப்படியா! என்ன கண்டுபிடிச்சே, குட்டி டெய்லர்?"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். சுண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

"நான் ஒரு பட்டன்கூட முழுங்கலை, டீச்சர்!"