பன்னிரண்டாயிரம் அதிர்வுகள்

"திங்கட்கிழமை காலையில ராஜினாமா லெட்டரோட வரச் சொல்லிட்டாங்க மேடம். நான் அந்த மிஷினை அணைச்சுட்டுத்தான் வந்தேன்."

ராஜபாண்டி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், பனியன் கம்பெனிகள் நிறைந்த வீரபாண்டியில் ஒரு மெட்ரிக் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர். 2006, ஆடிச் சனிக்கிழமை. வெளியே காற்று ஜன்னலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

எதிரே இருந்த சித்ராதேவி வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பனியன் வாங்கித் தரும் ஒரு பையிங் ஆபீஸின் தர ஆய்வாளர். ஏற்றுமதியான பனியனில் ஓட்டை இருந்தால், அது எந்த மிஷினில், எந்த ஷிப்டில் விழுந்தது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்தத் திறமையைக் கேள்விப்பட்டு வேறு சிக்கல்களோடும் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கண்டுபிடித்த பிறகுதான் அவளுக்குத் தூக்கம் கெடும். ஓட்டைக்குப் பின்னால் எப்போதும் ஓர் ஆள் இருந்தார்.

"முதல்லயிருந்து சொல்லுங்க சார்," என்று உதவியாளர் நதியா நோட்டைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை பிளஸ் ஒன் மாணவர்களுக்கு ஒலி, ஒளி அலைகளைச் செய்து காட்டியிருக்கிறார். கருப்புத் திரை கட்டி, லேசர் ஒளியை மெல்லிய பிளவு வழியே விட்டுச் சுவரில் வரி வரியாக விழவைத்தார். பிறகு ஒலி எழுப்பும் கருவியை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, நொடிக்கு இருநூறு அதிர்வில் தொடங்கிப் பன்னிரண்டாயிரம் வரை ஏற்றினார். நாலு மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கிளம்பினார். நாலரைக்கு, பள்ளி மணி அடிக்கும் அட்டெண்டர் மாரப்பன் பூட்டினார். ஆறு மணிக்குப் புகை. ஆம்ப்ளிஃபயர் சூடேறித் திரையில் தீப்பிடித்திருந்தது.

"மாரப்பன் என்ன சொல்றாரு?"

"பூட்டும்போது சத்தம் வந்துச்சாம். நான் வேணும்னே ஓட விட்டிருக்கேன்னு நினைச்சாராம். லேப் சாமானை அட்டெண்டருங்க தொடக்கூடாதுன்னு அணைக்கலையாம். எல்லாரும் அவரைத்தான் நம்புறாங்க. நான் தெக்கத்தி ஆளு, வந்து ஒரு வருசம்கூட ஆகல."

அன்று மாலையே ஆய்வகத்துக்குப் போனார்கள். கருகிய மேஜையில் கருவியின் குமிழ் பன்னிரண்டாயிரத்தில் நின்றது. ஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழ் கடைசிவரை திருப்பப்பட்டிருந்தது.

"வால்யூம் எவ்வளவு வெச்சீங்க சார்?"

"கால்வாசிதான் மேடம். அதுக்கே பசங்க மூஞ்சியச் சுளிச்சானுங்க. இதுல லைட்டும் எரியாது. ஓடுதா இல்லையான்னு காதாலதான் தெரிஞ்சுக்கணும்."

"அப்ப யாரோ உள்ள வந்திருக்காங்க!" நதியாவின் கண்கள் மின்னின. "சாருக்கு ஆகாத யாராவது..."

மாரப்பன் வந்தார். ஐம்பத்தைந்து வயது. தேய்த்த காக்கிச் சட்டை. அவருக்குப் பின்னால் நின்ற நதியா, "அண்ணா, இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு?" என்றாள். அவர் பேசாமல் நின்றார். அதே கேள்வியைச் சித்ராதேவி எதிரே நின்று கேட்டாள்.

"எங்கிட்ட மட்டுந்தானுங்க அம்மணி." தேவைக்கு மேல் சத்தமாக வந்தது பதில். கண்கள் அவள் உதட்டில் இருந்தன.

"நீங்க கேட்ட சத்தம் எப்படி இருந்துச்சு?"

"ஙொய்ய்ய்னு, பனியன் கம்பெனி நிட்டிங் மிஷின் ஓடற மாதிரிங்க. பதினெட்டு வருசம் அதுல நின்னவனுங்க. எனக்குத் தெரியாதுங்களா?"

சித்ராதேவி வராந்தாவுக்கு வந்து இப்படியும் அப்படியும் நடந்தாள். தான் நினைப்பது தவறாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று முதன்முறையாகத் தோன்றியது.

"ஒண்ணும் பிடிபடலையா மேடம்?"

"பிடிபட்டுருச்சு நதியா. அதான்."

திங்கட்கிழமை காலை தாளாளர் லிங்கசாமி ஆய்வகத்துக்கு வந்தார். இரண்டு நிட்டிங் மிஷினில் தொடங்கி இன்று பெரிய கம்பெனி வைத்திருப்பவர். மாரப்பன் பதினெட்டு வருடம் நின்றது அவர் நிட்டிங் ஹாலில்தான். ராஜபாண்டி ஒரு கல்லூரியிலிருந்து அதே மாதிரிக் கருவியை வாங்கி வந்திருந்தார்.

சித்ராதேவி பன்னிரண்டாயிரத்தில் குமிழை வைத்துச் சுவிட்சைப் போட்டாள். நதியா காதைப் பொத்தினாள். ராஜபாண்டி முகம் சுளித்தார். மாரப்பன் அசையவில்லை.

"ஏனுங்க மேடம், சீக்கிரம் போடுங்க," என்றார் லிங்கசாமி. "எனக்கு ஷிப்மென்ட் கெடக்குது."

சித்ராதேவி திடுக்கிட்டாள். இந்தச் சத்தம் கேட்காத ஒருவரைத் தேடித்தான் அவள் வந்திருந்தாள்.

"போட்டாச்சுங்க," என்றாள் மெதுவாக.

லிங்கசாமி நதியாவின் கைகளைப் பார்த்தார். பிறகு மாரப்பனைப் பார்த்தார். சித்ராதேவி கருவியை அணைத்தாள்.

"இது ஙொய்னு கேக்காதுங்க. ஊசி குத்துற மாதிரி கீச்சுனு கேக்கும். நிட்டிங் ஹால்ல வருசக்கணக்கா நிக்கிறவங்களுக்கு முதல்ல போறது இந்த மேல் சத்தம்தான். வால்யூமைக் கடைசிவரைக்கும் திருப்புனவருக்கு இது கேக்கல. கேட்டிருந்தா அரை நிமிஷம் இங்க நின்னிருக்க முடியாது. சாவியும் ஒருத்தர்கிட்டதான் இருக்கு." மாரப்பனுக்கு எதிரே போய் நின்றாள். "நீங்களே போட்டுப் பாத்தீங்களா அண்ணா?"

மாரப்பன் தலை குனிந்தார்.

"கதவோரம் நின்னு பாத்துட்டிருந்தனுங்க. கேக்கறவங்க கையத் தூக்கிட்டே இருங்கன்னாரு சார். சத்தம் ஏறிட்டே போச்சு. ஒரு எடத்துல எனக்கு நின்னு போச்சுங்க. பசங்க கை எறங்கவே இல்லீங்க. எல்லாரும் போனப்புறம் நானே போட்டுப் பாத்தேன். கேக்கல. கூட்டுனேன், அப்பவும் கேக்கல. மிஷின் ஓடலைன்னு நெனச்சுப் பூட்டிட்டுப் போயிட்டனுங்க. செவுடன்னு தெரிஞ்சா பெல்லடிக்க யாருங்க வெப்பாங்க? அதுக்குப் பயந்து சார் மேல பழியப் போட்டுட்டனுங்க."



லிங்கசாமி மாணவர்களின் முன்பெஞ்சில் உட்கார்ந்தார். "சார், லெட்டர் வேண்டாமுங்க. நான் தப்பா நெனச்சுட்டேன்." பிறகு மாரப்பனிடம் திரும்பினார். "மணி பாத்துத்தானடா பெல்லடிக்கோணும்? அதுக்குக் காதெதுக்கு?"

மாரப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பயிருந்துடா?"

"மூணாவது மிஷின் எறக்குனமில்லீங்க, அந்த வருசத்துலருந்துங்க." கொஞ்சம் தயங்கினார். "உங்களுக்குங்க மொதலாளி?"

லிங்கசாமி கருவியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "சார், அதக் கொஞ்சம் கீழ் சத்தத்துலருந்து ஏத்திக் காட்டுங்க. நானும் கையத் தூக்கறனுங்க," என்றார்.