டெஸ்ட் வீடு

பேருந்தை விட்டு இறங்கி அக்கா வீட்டுக்கு நடந்தபோது மதியம் தாண்டியிருந்தது. வெயிலில் தெருவே உறங்கிக்கொண்டிருந்தது. நான் வந்தது ஒரே ஒரு வேலைக்காக. பள்ளிக்கூடத்தில் லீவு விட்டிருந்தார்கள். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போய் என்னோடு கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அக்கா செத்துப்போன பிறகு அந்தப் பிள்ளை அப்பாவோடு தனியாகக் கிடந்தது. அத்தான் ஆபீசுக்கு வருவதையே நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிள்ளைக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் வாலு. ஏழு வயது. கேட் சத்தம் கேட்டாலே ஓடி வந்து என் இடுப்பில் தொற்றிக்கொண்டு கைப்பையைக் குடைவாள். அன்றைக்குக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"செருப்பை வெளியிலயே விட்டுடுங்க சித்தி. இப்பத்தான் துடைச்சேன்."

"யாரு, நீயா துடைச்ச?"

"ஆமா. வேற யாரு இருக்கா?"

எனக்கு அத்தான் மேல் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பச்சைப் பிள்ளையை வேலை வாங்குகிறாரா? நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனேன்.

வீடு சுத்தமாக இருந்தது. துக்க வீட்டுக்கு அவ்வளவு சுத்தம் ஆகாது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சோப்பும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாசம் கூடத்தில் அசையாமல் நின்றது. அக்கா இருந்தபோதும் இதே வாசம்தான். அது ஏன் இன்னும் போகவில்லை என்று யோசித்தேன். பிள்ளை அதே சோப்பை வாங்கித் துவைக்கிறாள் போலிருக்கிறது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரே கம்பெனி. வாழ்க்கையை விளையாட்டாகச் செய்கிற கம்பெனி. வெட்டு, குத்து, துப்பாக்கி எதுவும் கிடையாது. திரையில் ஒரு வீட்டைக் கட்டி, ஆட்களைக் குடிவைத்து, அவர்களைச் சமைக்க வைத்து, தூங்க வைத்து, கல்யாணம் பண்ணிவைத்து வேடிக்கை பார்க்கிற கேம். அத்தான் அதற்கு விதிகள் எழுதுகிறவர். அக்கா படம் வரைந்தவள். நான் டெஸ்டர், அதாவது குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள். உன் பிறவிக் குணத்துக்கு ஏற்ற வேலை என்று அக்கா சொல்வாள்.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அந்தக் கேமை வைத்து ஓயாத சண்டை. எல்லாம் நிஜம் போலவே இருக்க வேண்டும் என்பார் அத்தான். பாத்திரம் கழுவாவிட்டால் நாற வேண்டும், சம்பளம் வராவிட்டால் பட்டினி கிடக்க வேண்டும், செத்தால் செத்ததுதான். "வெளியில படுற பாடு போதாதா? உள்ளேயும் அதையே படுறதுக்கு எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்?" என்பாள் அக்கா. அவள் பறக்கும் கட்டில் வரைந்தாள். செத்தவர்கள் வெள்ளை உருவமாகத் திரும்பி வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக வரைந்தாள். கடைசியில் சமாதானமாக ஒரு ஸ்லைடர் வைத்தார்கள். ஒரு முனையில் 'நிஜம்', மறு முனையில் 'மாயம்'. விளையாடுகிறவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தள்ளிக்கொள்ளலாம்.

சோதனைக்கு ஒரு வீடு வேண்டுமே என்று அக்கா தங்கள் வீட்டையே அளந்து அப்படியே வரைந்து கொடுத்தாள். அதில் அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேர். அதைத்தான் டெஸ்ட் வீடு என்போம்.

ஒரு நாள் காலை தலைவலி என்று படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வாலு கூடத்தில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நீளவாக்கில் மடித்து, நடுவில் ஒரு தட்டுத் தட்டி, பாய் மாதிரிச் சுருட்டினாள். அக்காவின் மடிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது பாவம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். கிட்டே பார்த்தபோதுதான் தெரிந்தது, பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சாப்பிட்டியாடி?"

"எல்லாரும் சாப்பிடட்டும் சித்தி. அப்புறம் சாப்பிடறேன்."

"லீவுக்கு என் வீட்டுக்குப் போலாமா? அங்க ஊஞ்சல் இருக்கு."

"நான் வந்துட்டா வீட்டை யாரு பாத்துப்பா?"

இதைச் சொல்லும்போது முந்தானையைச் செருகுவது போல அவள் கை இடுப்புக்குப் போய்விட்டு வந்தது. அவள் போட்டிருந்தது கவுன்.



நேராக அத்தான் அறைக்குப் போனேன். திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் அவர் முகம் மட்டும் தெரிந்தது. தாடி மண்டியிருந்தது. திட்ட வந்ததையே மறந்துபோனேன். ஏனென்றால் திரையில் டெஸ்ட் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

அதன் கூடத்தில் ஒரு சின்னப் பெண் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தான் இது?"

"துக்கத்தைச் சோதிக்கிறேன்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஒரு வீட்டுல அம்மா செத்துட்டா மத்தவங்க துக்கம் எப்ப குறையும்னு கேமுக்கு எழுதணும்ல. எனக்குத் தெரியல. அதான் அம்மாவைச் சாகவச்சுப் பாத்தேன். குறையவே மாட்டேங்குது."

மூலையில் அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று காட்டும் இடத்தைப் பார்த்தேன். மூன்று என்றிருந்தது.

டெஸ்டர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. வீட்டைத் திறந்ததும் முதல் வேலையாகச் சாவை நிறுத்திவிடுவோம். இல்லாவிட்டால் அடுப்பைச் சோதிக்கும்போது தீப்பிடித்து ஆள் போய்விடுவான், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டெஸ்ட் வீட்டில் யாரும் சாக முடியாது. விதி எழுதுகிறவருக்கு இது தெரியாது. எங்கள் அறைப் பக்கம் அவர் எட்டிப் பார்த்தால்தானே? கேம் அவர் சொன்னபடி அம்மாவின் உடம்பை எடுத்துவிட்டது. ஆளை எடுக்கவில்லை. அவள் உடம்பில்லாமல் அந்த வீட்டிலேயே இருந்தாள்.

உடம்பில்லாதவளால் துண்டு மடிக்க முடியாது. அதற்கும் விதி இருக்கிறது. ஒருவரால் முடியாத வேலையை வீட்டிலிருக்கும் இன்னொருவர் செய்வார். பெரியவர் இருந்தால் பெரியவர்தான் செய்ய வேண்டும். ஆனால் பெண்டாட்டியை இழந்தவன் துக்கம் குறையும் வரை எந்த வேலையும் செய்யமாட்டான் என்று அத்தானே எழுதி வைத்திருந்தார். நிஜத்தில் அப்படித்தானாம். திரையிலிருந்த அப்பா ஓர் அறையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மிச்சமிருந்தது பிள்ளைதான்.

திரையில் அவள் எழுந்து துண்டுகளை அலமாரியில் வைத்து மூடினாள்.

கூடத்தில் அலமாரி மூடும் சத்தம் கேட்டது.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "முதல்ல இங்க நடக்கும்" என்றார் மெதுவாக. "அப்புறம் அங்க."

"தெரிஞ்சுமா உட்கார்ந்திருக்கீங்க?"

"கேமை மூடிப் பாத்தேன். மூடினா வாலு நின்ன இடத்துல நின்னுடறா. கண்ணுகூட இமைக்கிறதில்ல. மறுபடி திறந்தாத்தான் மூச்சு விடறா." திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார். "சாயங்காலமா வந்து என் நெத்தியில கை வச்சுப் பாக்குறா. புறங்கையால. உங்க அக்கா பாக்குற மாதிரியே."

"அது உங்க மக, அத்தான்."

"தெரியும்."

"அவ செத்துப்போயிடுவா."

"தெரியும்" என்றார் மறுபடியும். செத்தால் செத்ததுதான் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனிதர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. பாவமாகவும் இருந்தது.

அவரைத் தள்ளிவிட்டு நான் உட்கார்ந்தேன். சாவை மறுபடி இயக்கிவிட்டால் அக்கா முழுதாகப் போய்விடுவாள். அவ்வளவுதான். மனசுக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பொத்தான் வரை போனேன். பழக்கதோஷம், எதையும் சரிபார்க்காமல் அழுத்த மாட்டேன். அம்மா எங்கே இருக்கிறாள் என்று கேட்டு அவள் பெயரைத் தொட்டேன். கேம் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிச் சமையலறையில் போய் நின்றது. அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் வெள்ளை வளையம் பிள்ளையின் காலைச் சுற்றி விழுந்தது.

கையை எடுத்துவிட்டேன்.

இருவருக்கும் அங்கே ஓர் உடம்புதான் இருந்தது. ஒருத்தி செத்தால் மற்றவளும் போவாள்.

ஸ்லைடரைப் பிடித்து 'மாயம்' முனைக்கு இழுத்தேன். அக்கா வரைந்த அந்த வெள்ளை உருவம் வந்தால் போதும். அவளுக்கென்று ஓர் உடம்பு கிடைத்துவிடும், பிள்ளையை விட்டுவிடுவாள். காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அதெல்லாம் எப்பவோ எடுத்துட்டேன்" என்றார் அத்தான் பின்னாலிருந்து. "பேயெல்லாம் எதுக்குன்னு நான்தான் எடுத்தேன். அன்னிக்குப் பூரா அவ எங்கிட்ட பேசல."

திரையில் பிள்ளை ஸ்டூல் மேல் ஏறி அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் தலைக்கு மேல் பசியும் தூக்கமும் சிவப்பாகத் துடித்தன. அப்படித் துடித்தால் அடுத்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நானே நூறு தடவை சோதித்திருக்கிறேன். மயங்கி முன்பக்கமாக விழுவார்கள்.

சமையலறையில் ஸ்டூலை இழுக்கும் சத்தம்.

"வாலு, கீழ இறங்குடி" என்று கத்தினேன்.



அடுப்புப் பற்றும் சத்தம்.

ஓடிப்போய் அவளைத் தூக்கலாம்தான். தூக்கி வைத்தாலும் திரும்ப அடுப்படிக்குத்தான் நடப்பாள். எனக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. அந்த வீட்டுக்கு ஒரு பெரிய மனுஷி வேண்டும். டெஸ்டர்கள் எல்லோரும் விளையாட்டுக்குத் தங்களைப் போல ஓர் ஆளைச் செய்து வைத்திருப்போம். நானும் செய்திருந்தேன், இதே மூக்கும் இதே முறைப்புமாக. அவள் டெஸ்ட் வீட்டுக்கு அவ்வப்போது வந்து போகும் விருந்தாளி. அவள் பெயருக்கு எதிரே இருந்த 'விருந்தாளி'யை எடுத்துவிட்டு 'குடியிருப்பவர்' என்று மாற்றினேன். பயமாக இருந்தது. பயந்துகொண்டேதான் செய்தேன்.

வெள்ளை வளையம் பிள்ளையை விட்டு நகர்ந்தது. கூடத்தைத் தாண்டி வந்தது. நாங்கள் இருந்த அறைக்குள் நுழைந்தது.

சோப்பு வாசம் குப்பென்று அடித்தது.

சமையலறையிலிருந்து கரண்டி கீழே விழும் ஓசை கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு பிள்ளையின் அழுகை, நிஜமான, மூக்கு ஒழுகும் அழுகை. "சித்தி, பசிக்குது" என்று வாலு அழுதுகொண்டே வந்து என் மடியில் விழுந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சோறு பிசைந்து ஊட்டினேன். இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள்.

எழுந்ததும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் கிடந்த பாத்திரங்களைக் கழுவி வைத்தேன். கொடியில் துணி காய்ந்திருந்தது, எடுத்து மடித்தேன். இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று பையைத் தோளில் மாட்டினேன். பால் காய்ச்சவில்லையே என்று ஞாபகம் வந்தது. அத்தான் அறையை விட்டு வெளியே வந்தார். சோர்ந்திருக்கிறாரே, காய்ச்சலோ என்னவோ என்று என் புறங்கை அவர் நெற்றிக்குப் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கையை இழுத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் கிளம்பலாம் என்றிருந்தேன். ஜன்னல்களைத் துடைக்க வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த நாளும் ஏதோ இருந்தது. ஆபீசிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது. எடுக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் கையில் மாவோ சோப்போ இருக்கிறது. அத்தான் ஒரு வழியாகச் சவரம் செய்துகொண்டார். துக்கம் குறையத் தொடங்கிவிட்டது என்று சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வாலு தேறிவிட்டாள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. நாள் முழுக்க வெளியில் ஆட்டம்தான், கூப்பிட்டால்கூட வருவதில்லை. இப்போதுதான் முழங்காலெல்லாம் மண்ணோடு உள்ளே ஓடி வந்தாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்துவிட்டு டம்ளரை நீட்டியவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"சித்தி எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

என்னைத்தான் கேட்டாள்.

நான்தானடி சித்தி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வருவா கண்ணு" என்று சொன்னது என் வாய். "நீ போய் விளையாடு."