கூட்டுக்குள் ஒரு மரச்சீனி இலை

விடிகாலை ஐந்து மணி. நோன்பு வைக்க சஹர் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு பிடி புல்லோடு அடுக்களைப் புறத்துக்கு வந்த ஜுஹைனா, முயல்கூட்டின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

வெள்ளை முயல் பஞ்சு விறைத்துக் கிடந்தது. வயிறு பந்துபோல் உப்பியிருந்தது. சாம்பல் முயல் மிட்டு மூலையில் முதுகைக் குவித்து, பல்லை நறநறத்துக்கொண்டிருந்தது. பலகைத் தரையில் வெள்ளையாக ஏதோ சிந்திக் காய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு மரச்சீனி இலை, மரவள்ளிக்கிழங்குச் செடியின் இலை.

ஆடு வளர்த்த யாருக்கும் தெரியும், பச்சை மரச்சீனி இலை தின்ற ஆடு செத்துப்போகும். ஜுஹைனாவின் வீட்டில் மரச்சீனி இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தியபாயின் தோட்டத்தில்தான் நின்றது.

மத்தியானத்துக்குள் தேங்காப்பட்டணத்தில் அந்தத் தெரு முழுக்க ஒரு சொல் ஓடிவிட்டது. விஷம். ஓடவிட்டவன் ஜுஹைனாவின் கொழுந்தன் ஷாஹுல்.

“நோம்பு திறந்த உடனே ஸ்டேஷனுக்குப் போறேன். அந்தப் பொம்பளைய சும்மா விடப்பிடாது” என்றான்.

மாலை நான்கு மணி. கருங்கல் ஊரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த கால்நடை மருத்துவர் ஜிஷா, முதலில் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மிட்டுவுக்கு ஊசி போட்டாள். மருந்தைச் சொட்டுச் சொட்டாய் வாயில் விட்டாள். மடியில் வைத்து வயிற்றைப் பையத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“பொழைக்குமா டாக்டர்?” என்றாள் ஜுஹைனா.

“குடல் ஓடாம நின்னிருக்கு. முயலுக்குக் குடல் நின்னா உயிரு நின்ன மாதிரி. புழுக்கை விழுந்தா தப்பிச்சுது. என்ன குடுப்பிய?”

“புல்லு. வேற ஒண்ணும் கிடையாது. மாமிகிட்டயும் ஷாஹுல்கிட்டயும் நூறு மட்டம் சொல்லியிருக்கேன்.”

“சாயங்காலம் முயல ஆரு பாத்துக்கிடுவா?”

“நான் மார்த்தாண்டத்துல துணிக்கடையில நிக்கேன். நோம்பு திறக்குறதே பஸ்ஸுலதான், பேரீத்தம்பழத்தக் கடிச்சுட்டு. இன்னைக்கு லீவு போட்டேன்.”

ஜிஷா ஷாஹுலைப் பார்த்தாள்.

“நான் பள்ளிவாசல்ல கஞ்சி வாங்கி வீட்டுல வச்சிட்டு, நோம்பு திறக்க பள்ளிக்கே போயிருவேன். இதெல்லாம் என்னத்துக்குக் கேக்கிய? இலை கண்ணு முன்னால கெடக்குல்லா? முயலு எனக்க கீரைப் பாத்தியில இன்னொரு மட்டம் வாய வச்சா சட்டியில போடுவேன்னு அந்த சத்தியபாய் சொன்னத தெருவே கேட்டுது.”

அடுக்களை வாசலில் பலகைமேல் உட்கார்ந்திருந்த மாமியார் மெஹ்ருன்னிசா தலைத்துணியை இழுத்துவிட்டாள்.

“வெஷத்தத்தான் தின்னிருக்கு பிள்ளே. பாத்தியா, வெள்ளையா வாந்தி எடுத்துக் கெடக்கு. ராத்திரி ஓக்காளிச்சத நானே கேட்டேன்.”

“நீங்களே கேட்டியளா உம்மா?”

“இந்தக் காதால.”

ஜிஷா தலையாட்டினாள். கூட்டுக்குள் கையை விட்டு இலையைக் காம்போடு எடுத்தாள். விரித்த கைபோல இருந்தது, ஒரு விரலும் குறையாமல். பிறகு காய்ந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினாள். வெந்து பருத்த ஒரு சின்ன மஞ்சள் மணி ஒட்டிக்கொண்டு வந்தது. அதைக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டாள். 

மதிலோரம் போய், “சத்தியபாயக்கா” என்று கூப்பிட்டாள்.

சத்தியபாய் அங்கன்வாடியில் சமையல் செய்கிறவள். வாசலில் நின்றபடியே பேசினாள்.

“சட்டியில போடுவேன்னுதான் சொன்னேன். சொன்னத எல்லாம் செய்தா இந்த ஊருல ஒரு புருசனும் உசிரோட இருக்கமாட்டான்.”

ஜிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. சத்தியபாய்க்கு வரவில்லை.

“இன்னைக்கே ரெண்டு தாய்மாரு பிள்ளைய விடல்ல டாக்டர். விஷம்னு ஒரு சொல்லு விழுந்தா, எனக்க கையால ஆரு சோறு தின்னுவா? ஸ்டேஷனுக்குப் போயிட்டான்னா எனக்கு அந்த அடுப்பு கிடையாது.”

“இந்த வீட்டோட எப்ப இருந்து பேச்சில்ல?”

“நோம்புக்கு முந்தியே. அந்தக் கீரைச் சண்டையில இருந்து. எத்தனையோ வருசமா நோம்பு திறக்கதுக்கு முன்ன ஒரு வாளி கஞ்சி இந்த மதில் தாண்டி வரும். எங்களுக்குத் தராம மெஹரு ஒரு வாய் குடிக்கமாட்டா. இந்த மட்டம் ஒரு சொட்டு வரல்ல.”

மதில்மேல் இந்தப் பக்கம் சாய்ந்திருந்த மரச்சீனிக் கொப்பை ஜிஷா பார்த்தாள். திரும்பி வந்து ஷாஹுலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“பள்ளியில எத்தன வாளி வாங்குவ?”

“எப்பவும்போல ரெண்டுதான். ஏன்?”

“ஒண்ணுமில்ல. இன்னைக்கும் போயி வாங்கிட்டு வா. நோம்பு திறக்க வாங்கு சொல்லுறது வரைக்கும் எல்லாரும் இங்கயே இருக்கணும். சத்தியபாயக்காவும் வரட்டும்.”

ஆறு மணிவாக்கில் மிட்டு ஒரே ஒரு புழுக்கை போட்டது. ஜுஹைனா அழுதுவிட்டாள். பிறகு இன்னும் நாலைந்து விழுந்தன. ஜிஷா முயலை முற்றத்தின் நடுவில் விட்டாள். ஜுஹைனா ஒரு பக்கம் புல்லோடு, ஷாஹுல் ஒரு பக்கம் பைக் சாவியோடு, சத்தியபாய் வாழைமரத்து மூட்டில். மெஹ்ருன்னிசா பலகையைவிட்டு எழும்பவில்லை. அவள் அருகில், ஷாஹுல் வாங்கி வந்த கஞ்சியோடு இரண்டு தூக்குவாளி.

பள்ளியில் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள்.

மிட்டுவின் காதுகள் நிமிர்ந்தன. சோர்ந்த காலை இழுத்து, புல்லைத் தாண்டி, ஷாஹுலின் செருப்பைத் தாண்டி, அடுக்களை வாசலுக்குப் போனது. முன்னங்கால் இரண்டையும் மெஹ்ருன்னிசாவின் முழங்காலில் வைத்து நிமிர்ந்து நின்றது.



“முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது உம்மா” என்றாள் ஜிஷா. “உள்ள போனது வாய் வழியா திரும்பி வராது. அதுக்க உடம்பு அப்பிடி. ஓக்காளம் கேட்டேன்னு நீங்க சொன்னப்பவே எனக்குச் சந்தேகம். இலையில ஒரு பல்லு படல்ல. செத்தபிறகு வச்ச இலை அது. இந்தா, அந்த வெள்ளையில கெடந்தது.”

காகிதத்தை விரித்தாள்.

“வெந்தயம்” என்றாள் சத்தியபாய்.

“ஆமா. நோம்புக் கஞ்சி. அரிசியும் பயறும் தேங்காப்பாலும் முயலுக்க குடலுல புளிச்சுக் காத்தாகும். தினமும் குடுத்தா ஒருநாள் குடல் நின்னுபோவும். இந்த நேரத்துல வீட்டுல இருக்கது நீங்க ஒருத்திதான். மதில் தாண்டாத வாளி எங்க போச்சுன்னு மட்டும் நான் யோசிச்சேன்.”

மெஹ்ருன்னிசா முயலின் தலையில் கை வைத்தாள். 

“ஒரு பங்கு வெளிய குடுக்காம எனக்குத் தொண்டையில இறங்காது. அவகிட்ட கொண்டுபோக ரோசம் விடல்ல. ரெண்டும் என் வாயப் பாத்துட்டு நின்னுது. வாயில்லாச் சீவனுக்குக் குடுத்தா படச்சவன்கிட்ட கூலி உண்டுன்னு நெனச்சேன். சஹருக்கு எழும்பி வந்து பாத்தா செத்துக் கெடக்கு. இவ கேட்டா என்ன சொல்லுவேன்? மதிலுல சாஞ்சு நின்ன மரச்சீனிக் கொப்புல கை போயிட்டு. ஆருக்க பேரையும் நான் சொல்லல்ல.”

“சொல்லல்ல” என்றாள் சத்தியபாய். “சொன்னவன வெலக்கவும் இல்ல.”

ஷாஹுல் சாவியைச் சட்டைப்பையில் போட்டான்.

“மக்கா, நீ ஸ்டேஷனுக்குப் போகண்டாம்” என்றாள் சத்தியபாய் அவனிடம். “நாளைக்குக் காலத்த அங்கன்வாடிக்கு வா. விஷமில்லன்னு தாய்மாரு எல்லாரும் கேக்கச் சொல்லு.”

“வாறேன்” என்றான், தலை நிமிராமல்.

ஜுஹைனா மிட்டுவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மாமியாரின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் ஓர் ஈத்தப்பழத்தை எடுத்து நீட்டினாள்.

“வாங்கு சொல்லி எவ்வளவு நேரமாச்சு. நோம்பத் திறங்க மாமி.”

மெஹ்ருன்னிசா பழத்தைக் கையில் வைத்திருந்தாள், வாயில் வைக்கவில்லை.

சத்தியபாய் வாழைமூட்டிலிருந்து நடந்து வந்தாள். குனிந்து, இரண்டாவது தூக்குவாளியைத் தூக்கினாள்.

“முயலுக்குப் புல்லு நான் அறுத்துத் தாறேன். இது எனக்க பங்கு. நீ தின்னு மெஹரு.”